கார்டு போடுவது யார் பொறுப்பு?

கீழ்ப்பழனி மலையடிவாரத்தில், அய்யம்பாளையத்தைச் சுற்றி எங்கும் தென்னந்தோப்புகள். இத்தகைய தென்னை வட்டாரங்களில் மட்டையைக் கிழித்து நாராக்கும் இயந்திரம் புதிதல்ல. அதற்குள் ஒருவர் கை சிக்கினால் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, “பார்த்துப் போட்டிருக்கக் கூடாதா?” என்பதுதான். ஐரோப்பியச் சட்டம் கேட்பது வேறு: கை நுழையும்படி அந்த வாயைத் திறந்து வைத்தது யார்? ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்கு. நீக்க முடியாததை மூடியால், அதாவது ‘கார்டு’ போட்டு, அடை. அதன் பிறகும் மிஞ்சுவதற்கு மட்டும் எச்சரிக்கை எழுது. இந்த வரிசைதான் அதன் உயிர்நாடி.

அங்கே நடப்பிலுள்ள 2006-ஆம் ஆண்டு இயந்திர நெறிமுறையின் இடத்தை, 2023-இல் இயற்றப்பட்ட புதிய ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் பிடிக்கிறது. முன்பு ஒவ்வொரு நாடும் நெறிமுறையைத் தன் சட்டமாக எழுதிக்கொண்டது. இனி ஒரே வாசகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் நேரடியாகச் செல்லும். பாதுகாப்பைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் வெளியாள் கைவைக்க முடியாதபடி தயாரிப்பாளர் காக்க வேண்டும். பழைய இயந்திரத்தைப் புதிய ஆபத்து வரும்படி பெரிதாக மாற்றியமைப்பவர், தயாரிப்பாளரின் பொறுப்பையே ஏற்க வேண்டும்.

இது நம் ஏற்றுமதிக்குப் போடும் வேலி என்பார்கள். கோவைப் பட்டறைக்குச் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் ஜெர்மானியத் தயாரிப்பாளருக்கும் அதே விதிதான். வெளி அமைப்பின் சோதனை எந்நிலையிலும் கட்டாயமாவது ஆறு வகைகளுக்கு மட்டுமே. பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பாளரே ஆவணங்களைத் தொகுத்து உறுதிமொழி தந்து, ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ (CE) முத்திரை இடலாம். கார்டு போட்டாலும் தொழிலாளியே கழற்றிவிடுகிறாரே என்பது அடுத்த வாதம். வேலையைத் தடுக்கும் கார்டைத்தான் கழற்றுகிறார்கள். அப்படி நடக்கும் என்று முன்கூட்டியே எண்ணி வடிவமைப்பதும் தயாரிப்பாளர் கடமை என்கிறது அந்தச் சட்டம்.

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமும் அல்ல. சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்னது. 26-ஆம் பிரிவு விற்பவரையும் ஓரளவு பொறுப்பாக்கியது. பம்பு, கம்பிரசர், கிரேன், நெசவு இயந்திரம் முதலியவற்றுக்கு மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் 2024-இல் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தது; அதன் தொடக்கத் தேதியோ 2025 ஆகஸ்ட் 28-லிருந்து 2026 செப்டம்பர் 1-க்குத் தள்ளப்பட்டது. சட்டம் தள்ளிப்போகலாம், வாங்குபவர் காத்திருக்க வேண்டியதில்லை. விலையையும் குதிரைத்திறனையும் விசாரிக்கும்போது, மூடியைத் திறந்தால் ஓட்டம் நிற்குமா என்றும் கேளுங்கள்.