ஹாரன் ஊமையானால்: எதுவரை நாமே பார்க்கலாம்?

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழையில் கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் கார்கள் நின்ற இடத்திலேயே தண்ணீரில் ஊறின. இப்படி நனைந்த காரில் எல்லோரும் முதலில் கவலைப்படுவது எஞ்சினைப் பற்றித்தான். ஹாரனை யாரும் நினைப்பதில்லை. அது இருப்பதோ முன் பம்பருக்கும் கிரில்லுக்கும் பின்னால், தண்ணீர் எளிதில் எட்டிவிடும் இடத்தில். வெள்ளம் வராத வருடங்களிலும் கடலோர ஊரில் அதற்கு நிம்மதி கிடையாது. உப்புக்காற்று அதன் டெர்மினலையும் எர்த் போல்ட்டையும் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் குரல் கம்மும். இன்னொரு நாள் சத்தமே வராது.

ஹாரன் ஒலிக்காத காரை ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். எதிரே வருபவருக்குக் கேட்கும்படி எச்சரிக்கை தரும் ஹாரன் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இருக்க வேண்டும் என்கிறது, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி. ஓட்டுவதை ஆபத்தாக்கும் பழுது இருப்பது தெரிந்தும் வண்டியைச் சாலைக்கு எடுத்துவந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு 1,500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அந்தப் பழுதால் விபத்து நேர்ந்தால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. எனவே அடுத்த சர்வீஸ் வரட்டும் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

நல்ல செய்தி என்னவென்றால், பல ஹாரன் பழுதுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். சாவியை எடுத்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து ஹாரன் ஃபியூஸை உருவ வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடலாம். 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போடுவதும், செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பதும் கூடவே கூடாது. ஃபியூஸ் தாங்கிக்கொள்ளும், வயர் தாங்காது, தீப்பிடிப்பது அங்கேதான். புது ஃபியூஸும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஃபியூஸ் மாற்றிக்கொண்டே இருக்காமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே. அதே பெட்டியில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். அதிலும் பலனில்லை என்றால் ஹாரனையே சோதிக்க வேண்டியதுதான். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் கோத்த வயரால் பேட்டரியின் 12 வோல்ட்டை நேரடியாக ஒரு நொடி கொடுத்தால் போதும். ஒலித்தால் ஹாரன் நலம், குற்றம் வயரிங்கிலோ எர்த்திலோ சுவிட்சிலோ இருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கியதுமே உயிர்பெறும் ஹாரன்கள் உண்டு. இந்தச் சோதனையின்போது காதை ஹாரனுக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. ஏழு மீட்டர் தள்ளி அளந்தாலே 93 முதல் 112 டெசிபல் வரை இருக்க வேண்டும் என்பது அதற்கான தரம். மோதிரம், வளையல், உலோக வாட்ச் பட்டை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும்; பேட்டரி டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே அவை சிக்கினால் விரல் வெந்துவிடும்.

ஒலிக்கவே இல்லையென்றால் ஹாரனை மாற்றுவதும் கடினமான வேலையல்ல. ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். நத்தைக்கூடு வடிவ ஹாரன் என்றால் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையில் அதற்குள் தண்ணீர் தேங்கும்.

சில நேரம் பிரச்சினை தலைகீழாக வரும். நள்ளிரவில், யாரும் அழுத்தாமலே ஹாரன் நிற்காமல் அலறும். ரிலேயின் உட்புற முனைகள் ஒட்டிக்கொள்வது இதற்குப் பொதுவான காரணம். பதறாமல் பானட்டைத் திறந்து ஹாரன் ஃபியூஸையோ ரிலேயையோ உருவினால் சத்தம் நின்றுவிடும். அவை எங்கே இருக்கின்றன என்பதைப் பகலிலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் பானட்டுக்குக் கீழே. ஸ்டியரிங்குக்குள் நிலைமை முற்றிலும் வேறு.

ஃபியூஸ், ரிலே, ஹாரன் மூன்றும் சரி, ஆனாலும் ஸ்டியரிங்கை அழுத்தினால் சத்தம் இல்லை என்றால், இணையத்தில் வீடியோ பார்த்து ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றிவிடலாம் என்ற ஆசை வரும். அந்த மூடிதான் ஏர்பேக். 2019 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்கள் அனைத்திலும் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய பல கார்களிலும் அது இருக்கிறது. விபத்தில் கண் இமைப்பதற்குள் விரிந்து உயிரைக் காக்க வேண்டிய அந்தப் பை, முகத்துக்கு நேராகக் குனிந்து ஸ்குரூ கழற்றுபவர்மீது வெடித்தால் முகமும் கையும் சிதையும். அதன் மஞ்சள் நிறக் கனெக்டரில் மல்டிமீட்டரையோ டெஸ்ட் லாம்ப்பையோ வைப்பதே அதை வெடிக்கச் செய்யப் போதுமானதாகிவிடலாம். பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் பேட்டரியைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம்வரை காத்திருந்துதான் அதைத் தொடுகிறார்கள். வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் உள்ள உறவு இதோடு முடிவதில்லை. ஸ்டியரிங் சுற்றும்போது மின்தொடர்பு அறுந்துவிடாதபடி உள்ளே டேப் போலச் சுருண்ட ஒரு பட்டைக் கேபிள் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள், சில கம்பெனிகள் ஸ்பைரல் கேபிள் என்கின்றன. ஹாரன் பட்டனின் மின்சாரமும் ஓட்டுநர் ஏர்பேக்கின் மின்சாரமும் பல கார்களில் இந்த ஒரே உறுப்பு வழியாகத்தான் போகின்றன. அது பழுதானால் ஹாரன் நின்றுபோவதோடு ஏர்பேக்கும் செயலிழக்கக்கூடும்.

நடந்த உதாரணம் ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 60 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைப் பல்வேறு குறைகளுக்காகத் திரும்ப அழைத்தது. அவற்றுள் பெரும்பங்கு இந்த ஸ்பைரல் கேபிள் குறைக்காகத்தான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கேபிளின் இணைப்பு சேதமாகி, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியலாம், விபத்தின்போது ஓட்டுநர் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பது காரணம். இந்தியாவில் மட்டும் இன்னோவா, ஃபார்ச்சூனர் கார்களில் சுமார் 45,000 இதில் அடங்கின. இன்றைக்கும் ஒரு பழைய இன்னோவாவை செகண்ட் ஹேண்டாக வாங்குபவர், அந்தத் திரும்ப அழைப்பில் அந்த வண்டி சரிசெய்யப்பட்டதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரிப்பது அவசியம்.

கிளாக் ஸ்பிரிங் பழுதைக் கண்டறிய எளிய வழி டாஷ்போர்டிலேயே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். ஹாரனும் அடிக்கவில்லை, விளக்கும் அணையவில்லை என்றால் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங்மீதுதான். அந்த விளக்கு எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். பழுதை மறைக்க யாராவது பல்பைக் கழற்றியிருக்கலாம். ரிப்பேருக்குப் பிறகு ஹாரன் அடிப்பதை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவந்துவிடக் கூடாது. அந்த விளக்கு எரிந்து அணைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

"வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும்" என்று சர்வீஸ் சென்டரில் மிரட்டினால் என்ன செய்வது? ஷம்ஷேர் கட்டாரியா தொடுத்த புகாரில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பிறப்பித்த உத்தரவு இதற்குப் பதில் சொல்கிறது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையம், வெளியில் ரிப்பேர் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் நேர்ந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். அபராதத்தை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. ஆனாலும் வாடிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வியை அந்த உத்தரவு தெளிவாக்கிவிட்டது: எந்த வேலையால் எந்தப் பாகம் கெட்டது? இதை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். மறுபக்கம், ஹாரன் வயரை வெட்டி ஒட்டியதால் வயரிங் கருகினால், அந்தச் சேதத்துக்குக் கம்பெனி வாரண்டியை மறுப்பதும் நியாயம்தான்.

கெட்ட ஹாரனுக்குப் பதிலாகக் கடையில் ஏர் ஹாரனையோ பாட்டுப் பாடும் மல்டிடோன் ஹாரனையோ மாட்டித் தரச் சொல்பவர்கள் உண்டு. அதே 119ஆவது விதி அதைத் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை போன்றவற்றுக்கே விலக்கு. இரைச்சல் தர விதியை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். தேவையின்றி ஒலி எழுப்பினால் 2019இல் சேர்ந்த 194எஃப் பிரிவில் முதல்முறை 1,000 ரூபாய், அடுத்தமுறை 2,000 ரூபாய். கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை, ஊருக்குள் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற இடங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க வழிசெய்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை அவசரம் தவிர ஹாரனே கூடாது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை தீர்ப்பிலேயே இதை வலியுறுத்தியது. வெளுத்த சுவர்களும் ஒடுங்கிய தெருக்களுமான பழைய புதுச்சேரியில், சத்தம் எதிரொலித்துப் பெருகும் இடங்களில், இந்த விதியின் அருமை தூங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும்தான் தெரியும்.

ரிப்பேருக்குப் பணம் வாங்கிவிட்டுப் பழுதைத் தீர்க்காவிட்டாலும், ஒரிஜினல் என்று சொல்லிப் போலி பாகத்தை மாட்டினாலும், அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகாராகிறது. அதற்கு வேண்டியவை சில காகிதங்கள்: பாகத்தின் பெயரும் எண்ணும் உள்ள பில், ஜாப் கார்டு, மாற்றிய பழைய பாகம். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்; அது உங்கள் பொருள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெள்ளத்தில் ஹாரனும் வயரிங்கும் போனால், முழு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் அதற்கு உரிமை கோரலாம். காரைத் திறந்து வேலை தொடங்குவதற்கு முன்பே தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். கிளெய்மை நிராகரித்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்; புதுச்சேரிக்கான அவரது அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

சென்னையிலோ விழுப்புரத்திலோ வாங்கிய கார் என்றாலும் அலையத் தேவையில்லை. வாங்கிய ஊர் எதுவானாலும், தான் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்ய 2019 சட்டம் அனுமதிக்கிறது.