யானைக்குக் கடலில் ஓர் உறவு

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகு முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக நம் காடுகளுக்கு வருபவை அவை. அந்த யானைக்குக் கடலில் ஒரு சொந்தக்காரர் இருப்பது தெரியுமா? அவர்தான் கடற்பசு. கடற்கரை மக்கள் ஆவுளியா என்பார்கள்.

சுமார் மூன்று மீட்டர் நீளம், இரண்டாகப் பிரிந்த வால், கையில்லை, துடுப்புதான். இதுவா யானைக்குச் சொந்தம்? ஆமாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டுக்கும் ஒரே மூதாதை. இன்றும் அடையாளம் இருக்கிறது: வளர்ந்த ஆண் கடற்பசுவுக்குச் சிறு தந்தம் உண்டு. தாயின் மடி, யானைக்கு இருப்பதுபோலவே, முன்கால் இருக்க வேண்டிய இடத்தின் அருகே இருக்கிறது.

கடற்பசு மீன் அல்ல, பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதன் உறவினமான மனாட்டி ஆறுகளிலும் வாழ்கிறது. நம் கடற்பசுவோ கடலை விட்டு வராது. ஏன்? அதன் சாப்பாடு கடலில்தான் முளைக்கிறது. அதுதான் கடற்புல். இது பாசி இல்லை. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள செடி. ஒரு கடற்பசு நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோ வரை மேயும்.

செடி என்றால் வெயில் வேண்டும். கடலின் அடித்தரைக்கு வெளிச்சம் எட்ட வேண்டுமானால் ஆழம் குறைவாகவும் நீர் தெளிவாகவும் இருக்க வேண்டும். பாக் விரிகுடா அப்படிப்பட்ட இடம். ஒருபக்கம் தமிழகம், மறுபக்கம் இலங்கை. நடுவே பேரலை இல்லாத, ஆழம் குறைந்த கடல். அதனால் அங்கே புல்வெளி செழிக்கிறது, கடற்பசுவும் தங்குகிறது. மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் தீவுகள் ஆகிய இடங்களிலும் கடற்பசு உண்டு.

இந்தியாவில் மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 240தான் என்று தமிழக அரசு 2022இல் குறிப்பிட்டது. வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் இறந்துபோகும். அடித்தரையை வாரும் இழுவலை புல்லையே பெயர்த்துவிடும். தாயோ மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டி ஈனும். இழந்ததை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும். அதனால்தான் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர்கள் வலையை அறுத்துவிட்டுக் காப்பாற்றிய நிகழ்வுகளும் உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம்!

மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. அஞ்செட்டிக் காட்டோடைகள் காவிரியில் சேர்கின்றன. காவிரியின் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டையருகே பாக் விரிகுடாக் கடலைத் தொடுகின்றன. வழியில் எந்த ஊரின் கழிவு கலந்தாலும், அதிலுள்ள சத்துகளை உண்டு பாசி பெருகும். அது கடற்புல்மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும்.

செய்து பாருங்கள்: இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி மண்ணைக் கலக்குங்கள். இரண்டின் பக்கவாட்டிலும் டார்ச் அடியுங்கள். எதைத் தாண்டி வெளிச்சம் சுவரில் விழுகிறது? பிறகு கலங்கிய தம்ளரை ஆட்டாமல் வைத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி டார்ச் அடியுங்கள். மண் அடியில் தங்கி, நீர் முன்பைவிடத் தெளிந்திருக்கும். மீண்டும் கரண்டியால் கலக்கினால் என்ன ஆகிறது? பேரலை இல்லாத கடலைக் கடற்புல் ஏன் தேடுகிறது என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.