கால் வீக்கத்துக்குக் கழுத்தில் வைத்தியம்

வருஷக்கணக்காக வீங்கிய காலோடு வரும் முதியவரைப் படுக்க வைத்து, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் முதலில் தொடுவது கழுத்தை. காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் விரல்களை வைத்து மெல்ல வட்டமிடுவார். காலுக்கு வந்தவருக்குக் கழுத்தில் என்ன வேலை என்று கூட வந்தவர்கள் விழிப்பார்கள். இரண்டு கால்களின் நிணநீரும் வயிறு, மார்பு வழியாக ஏறி, கடைசியில் ரத்தத்தில் கலப்பது இடது காறை எலும்பின் பின்னால்தான். நெரிசலில் முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால்தான் பின்னால் நிற்பது நகரும் என்பது நிணநீரை நீவி வடிக்கும் இந்த முறையின் கணக்கு. கழுத்து, வயிறு, தொடையிடுக்கு என்று இறங்கி, பாதத்துக்குக் கடைசியில்தான் வருவார்கள்.

ரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதியை அந்த நுண்குழாய்களின் சிரை முனைகளே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன என்று நெடுநாள் பாடம் நடத்தினார்கள். 1896இல் ஸ்டார்லிங் சொன்னதிலிருந்து வளர்ந்த கருத்து அது. 2010இல் லெவிக், மைக்கேல் என்ற இரு உடலியல் அறிஞர்கள் அதைத் திருத்தி எழுதினார்கள்: பெரும்பாலான திசுக்களில், கசிந்த நீர் ஏறக்குறைய முழுவதும் நிணநாளங்கள் வழியாகவே திரும்புகிறது. அப்படியானால், காரணம் எதுவாக இருந்தாலும், நாள்பட்ட வீக்கம் என்பது நிணநாளங்களால் ஈடுகொடுக்க முடியாத நிலைதான்.

முதுமையில் அந்த நிலைக்கு வழி பல. நடை குறைந்தால் கெண்டைக்கால் தசையின் அழுத்தம் கிடைக்காது. சிரை வால்வுகள் தளரும். மூட்டுவலியால் நாற்காலியிலேயே தூங்குபவர்களுக்குக் கால் இரவு பகலாகத் தொங்கியபடி இருக்கும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அது தெரியாமல் அதற்கு மேல் நீர் மாத்திரையும் சேர்வதுண்டு.

நீவும் முறையைப் பிரபலமாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர். 1930களில் பிரான்ஸின் கான் நகரில், சளி விடாதவர்களின் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைக் கண்டு, மருத்துவர்கள் தொடத் தயங்கிய அந்த நிணக்கணுக்களை நீவத் தொடங்கினார். நம் ஊரில் எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிடும் பழக்கத்துக்கு இது நேர்மாறு. சதையைப் பிசைவதில்லை; தோலை மட்டும் மெல்ல இழுத்து விடுகிறார்கள். எண்ணெயும் பெரும்பாலும் கிடையாது, கை வழுக்கினால் தோல் நகராதே! தோலுக்கடியிலுள்ள நுண்ணிய நிணக்குழாய்களைச் சுற்றுத்திசுவோடு மெல்லிய இழைகள் பிணைத்திருக்கின்றன. தோல் இழுபடும்போது அவை குழாயின் வாயைத் திறக்கின்றன. பெரிய நாளங்கள் நிமிடத்துக்குச் சில முறை தாமாகவே சுருங்கி விரிபவை. கை அந்தத் துடிப்பைத் தூண்டிவிடுகிறது.

ஆனால் பெயர் வாங்குவது கை, பாடுபடுவது பாண்டேஜ். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கம் பற்றிய ஆய்வுகளை 2015இல் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. அழுத்தக் கட்டு மட்டுமே வீக்கத்தை 30 சதவீதத்துக்கு மேல் குறைத்திருந்தது. நீவுதலால் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 7 சதவீதம். காலுக்கும் கட்டின் பலன் தெளிவு. கான்பெராவில் கால் வீக்கத்தோடு அடிக்கடி செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்றும் வந்துகொண்டிருந்த 84 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. காலுறை போன்ற அழுத்த சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 40 சதவீதத்தினருக்கும் அந்தத் தொற்று திரும்பியது. வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். கட்டு இல்லாமல் நீவலுக்கு மட்டும் காசு கேட்கும் இடங்களைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

எல்லாக் காலுக்கும் கை வைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். சிவந்து காய்ச்சலடித்தால் தொற்று. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். காலில் தேங்கிய நீரைத் தள்ளிவிட்டால் தளர்ந்த இதயத்துக்கு அது கூடுதல் சுமை. பாதத்துக்கு ரத்தம் சரியாக வராத சர்க்கரை நோயாளிக்கு இறுக்கிக் கட்டினால் விரலே போகலாம். கட்டும் முன் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவது அதற்காகத்தான்.

யானைக்கால் நோயாளிகளுக்குச் சொல்லும் பாடமே இங்கும்: தினமும் சோப்பால் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். சேற்றுப்புண் வழியாகக் கிருமி நுழையும். அழுத்தக் காலுறையைக் காலையில் எழுந்தவுடன், கால் வீங்கத் தொடங்குமுன் போட வேண்டும். குனிய முடியாதவருக்கு வீட்டில் ஒருவர்தான் போட்டுவிட வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்தால் துணி வழுக்காமல் ஏறும்.