‘பாட்’ என்னும் வசைச்சொல்

புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் மாலைவேளைகளில் கைப்பேசியும் கையுமாய்க் கூடியமர்ந்து பப்ஜி முதலிய போர் விளையாட்டுகளில் லயித்திருக்கும் இளைஞர்கள், குறி தவறியவனையும் வெட்டவெளியில் நின்று குண்டடி பட்டவனையும், “டேய், பாட் மாதிரி ஆடாதடா!” என்று பரிகசிப்பது சகஜமாகிவிட்டது.

‘ரோபாட்’ என்பதன் குறுக்கமான இச்சொல், மனிதனுக்குப் பதிலாகக் கணிப்பொறியே இயக்கும் ஆட்டக்காரனைக் குறிப்பது. 1996-இல் வெளிவந்த ‘குவேக்’ என்னும் விளையாட்டுக்காக ஸ்டீவன் போல்ஜ் இயற்றிய ‘ரீப்பர் பாட்’, உடன் ஆட ஒருவரும் இல்லாதபோதும் எதிரியாக நின்று கடும்போர் புரிந்து பிரசித்தி பெற்றது. அதன் சந்ததியாகிய இன்றைய பாட்களோ, நூறு பேர் இறங்க வேண்டிய களத்தில் ஆட்குறையை நிரப்பவும், புதிதாக வந்தவர் தொடக்கத்திலேயே உற்சாகம் இழந்துவிடாதிருக்கவும், பெரும்பாலும் எளிதில் வீழும்படியாகவே அமைக்கப்படுகின்றன.

இனி மூலத்தை நாடுவோம். செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக், 1920-இல் தாம் எழுதிய ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தில், மனிதருக்கு ஊழியம் செய்வதற்கென்றே ஆலையில் உற்பத்தியாகும் செயற்கை மாந்தருக்குப் பெயர் தேடியபோது, அவருடைய சகோதரர் யோசெப் எடுத்துக் கொடுத்த சொல்லே ‘ரோபாட்’. நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்யக் கடமைப்பட்டிருந்ததும், அந்நாட்டில் 1848-இல் ஒழிக்கப்பட்டதுமான கட்டாய உழைப்புக்கு வழங்கிய ‘ரோபோதா’ என்னும் பெயரிலிருந்து அது பிறந்தது.

அவ்வுழைப்பு நமக்குப் புதியதன்று. சோழர் காலச் சாசனங்களில் குடிகள் மீதிருந்த கடமைகளுள் ஒன்றாக வரும் ‘வெட்டி’, ஊதியமின்றி வாங்கப்பட்ட வேலையே. வடமொழியில் அது ‘விஷ்டி’. 1950-இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு அத்தகைய ஊழியத்தை அறவே விலக்கிற்று. ஆயினும் சொல் மறையவில்லை. கூலியற்ற உழைப்பைக் குறித்தது பயனற்றதைக் குறிக்கத் தலைப்பட்டு, ‘வெட்டிப் பேச்சு’ என்றும் ‘வெட்டிப் பயல்’ என்றும் இன்றும் உலவுகிறது.

பாடுபட்டவன் பெயரே திறமையற்றவனுக்கு வசையாக மாறிய விந்தையை இவ்விரு சொற்களிலும் காண்கிறோம். பிறர் வெல்வதற்காகத் தோற்கும்படி ஏவப்பட்டு, ஏவியபடியே தோற்கும் பாட், தன் கடமையில் ஒருநாளும் தவறியதில்லை என்பதை அதன் பெயர் சொல்லி ஏசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.