வகுப்பறை வழக்கங்களும் மனக்கணக்கும்

எண்ணறிவைப் போற்றிய நம் முன்னோர் அதனை ஏட்டோடு நிறுத்தினாரல்லர். சிறாரின் நாவிலும் நினைவிலும் பதித்தனர். திண்ணைப் பள்ளிகளிற் பயிலப்பெற்ற எண்சுவடியே இதற்குச் சான்றாகும். ஒன்றில் 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 320இல் ஒரு பங்கு முந்திரி. இத்தகைய நுண்ணிய பின்னங்களும் அன்று வாய்ப்பாடாகப் பயிலப்பட்டன. நெல்லளக்கவும் நிலமளக்கவும் அவ்வறிவு பயன்பட்டது. இன்று அவ்வளவைகள் வழக்கொழிந்தன. மனக்கணக்கின் தேவையோ ஒழிந்திலது.

மனனம் வேறு, மனக்கணக்கு வேறு. வாய்ப்பாடு கருவி, அக்கருவியைக் காலமறிந்து கையாளுதலே மனக்கணக்கு. இதற்கெனத் தனிப் பாடவேளை வேண்டுமென்பர் சிலர். அது வேண்டுவதன்று, பள்ளி நாளின் அன்றாட வழக்கங்களே போதும்.

கிண்ணியாவில் ஓர் ஆரம்ப வகுப்பைக் கருதுவோம். காலையில் ஆசிரியர் வரவு இடாப்பை விரிக்கிறார். மாணவர் 34 பேர். வராதோர் 7 பேர். வந்தோர் எத்தனை பேர்? ஒருவன் 34இலிருந்து 4ஐ நீக்கி 30 ஆக்கி, எஞ்சிய 3ஐயும் நீக்கி 27 என்பான். மற்றொருத்தி 7உடன் 3 சேர்த்தால் 10, மேலும் 20 சேர்த்தால் 30, மேலும் 4 சேர்த்தால் 34. ஆகவே 27 என்பாள். கொப்பிகளைப் பகிரும்போது அந்த 27 பேரை ஐவர் ஐவராகப் பிரித்தால் எத்தனை குழு, எஞ்சுவோர் எத்தனை பேர் எனலாம். மணி 9.40 ஆயின், 10.30 இடைவேளைக்கு இன்னும் எத்தனை நிமிடம் எனலாம்.

ஊரறிந்த பொருளும் கணக்காகும். முன்பு பாதையிற் கடந்த நீர்ப்பரப்பின் மீது 2009இல் திறக்கப்பெற்ற கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். போய்வர எவ்வளவு? 396ஐ 400 எனக் கொண்டு இரட்டித்து, மிகையான 8ஐ நீக்கினால் 792. எழுத்துக்கணக்கு ஒன்றினிடத்திலிருந்து தொடங்கும். மனமோ பெரும்பாலும் முழுப் பத்தையும் முழு நூற்றையும் முதலிற் பற்றும். ஒரே வேளையில் பல எண்களை நினைவிற் சுமத்தல் அரிதாதலின், சுமையைக் குறைக்கும் வழியை அது நாடுகிறது.

ஈண்டு என் பிழையொன்றையும் கூறுதல் வேண்டும். பணியின் தொடக்கத்தில், முதலிற் கையுயர்த்தியவரையே பாராட்டி வந்தேன். மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணிய சிறுமி ஒருத்தியைக் கண்டித்தேன். அன்றுமுதல் அவள் விரலை மடக்கவுமில்லை, வாய் திறக்கவுமில்லை. பல நாட்களின் பின் அவளை இடாப்பின் அருகே அழைத்து, விரைவைப் பற்றி ஒன்றும் கூறாது, "எப்படிக் கண்டாய், பிள்ளை?" என்று மட்டும் வினவினேன். மேற்கூறிய இரண்டாம் வழியை மெல்லச் சொன்னாள். நான் அவ்வகுப்பிற்கு அவ்வழியைக் கற்பித்திருக்கவில்லை.

விரைவை மட்டும் வேண்டின், விரைந்தோர் சிலரே கணிப்பர்; ஏனையோர் விடைவரும் வரை காத்திருப்பர். ஆதலின் வினாவிய பின் சற்றுப் பொறுத்தல் வேண்டும். விடையைப் போலவே வழியையும் கேட்டல் வேண்டும். விரலெண்ணலை ஒரு படியெனக் கொள்ளல் வேண்டும். நாளொன்றுக்கு மூன்று வினாக்கள் போதும். அவற்றுள் ஒன்றேனும், வகுப்பில் வாய் திறவாத பிள்ளைக்கு உரியதாகுக.