28 ஆண்டுகளுக்குப் பின் வந்த எதிரொலி

செஞ்சியில் ராஜகிரி மலையை நோக்கி நின்று பலமாகக் கைதட்டுங்கள். ஒலி திரும்பி வர ஒரு வினாடி ஆனால், பாறை சுமார் 170 மீட்டர் தொலைவில் உள்ளது என்று பொருள். போகவும் வரவும் 340 மீட்டர் அல்லவா? ஆனால், எதிரொலிக்காக 28 ஆண்டுகள் காத்திருந்த ஓர் இசைத்தட்டும் உண்டு!

பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் கிதார் வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982இல் அவர் பத்து இந்துஸ்தானி ராகங்களை, டிஸ்கோ தாளத்தில், மின்னணுக் கருவிகளால் இசைத்துப் பதிவு செய்தார். நம் மோகனத்தை ஒத்த பூபாளியும், இந்தோளத்தை ஒத்த மால்கௌன்சும் அவற்றுள் அடங்கும். எச்.எம்.வி. அதை வெளியிட்டது. வாங்குவோர் அதிகமில்லை, தட்டு மறக்கப்பட்டது.

அவருடைய கருவிகளுள் ஒன்று ஜப்பானிய ரோலண்ட் டிபி-303. அது எப்படி ஒலி தருகிறது? முதலில் ரம்பப்பல் வடிவ மின்னலை ஒன்று பிறக்கிறது. அதன் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்றால், 200, 300, 400 என மேற்சுரங்களும் உடன் இருக்கும். வடிகட்டிச் சுற்று ஓர் எல்லைக்கு மேற்பட்டவற்றைக் குறைக்கிறது. எல்லையை ஒட்டியவற்றை ஒத்ததிர்வால் பெருக்குகிறது. குமிழைத் திருகினால் எல்லை நகரும். ஒலியின் பண்பும் மாறும். ஒரே சுருதியில் ‘ஊ’ என்று தொடங்கி, மெல்ல ‘ஆ’ என்று வாயைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் வாயே வடிகட்டி! சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் அக்கருவியில் உண்டு. ராகத்திற்கு அது பொருத்தம்தானே?

1987இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ‘ஃபியூச்சர்’ குழுவினர் இதே கருவியைக் கொண்டு ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டனர். ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் நடன இசை பரவியது. 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்பாக வந்தபோது விமர்சகர்கள் திகைத்தனர். சிலர் அவரே அவ்விசையின் தந்தை என்றனர். சிலர் இது அண்மையில் செய்த போலியோ என்று ஐயுற்றனர்.

இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். தட்டு போலியன்று. ஆனால் சிகாகோ இளைஞர்கள் அதைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒரே கருவி, இரு ஊர்களில், இரு கைகளில், ஒத்த ஒலியைத் தந்தது. முன்னே வந்தது வேறு. காரணமாக அமைந்தது வேறு. ஆய்வுக்கூடத்திலும் இதை மறவாதீர்கள்!

2015இல் மறைந்த சிங், அதற்குமுன் ஐரோப்பிய மேடைகளில் இந்த இசையை வாசித்துக் கைதட்டல் பெற்றார். எதிரொலி தாமதித்தாலும் அவர் காதில் விழுந்தது.