மோரிஸ் எயிட்டும் ஒரு லேத்துப் பட்டறையும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இன்ஜின் ஓடுங்களா?" என்பதைத்தான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டியென்றால் அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்பேன். கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன் நான். தேய்ந்த கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங் போடலாம். பிஸ்டனைப் புதிதாக வார்த்துக் கடையலாம். பம்ப் செட்டால் வளர்ந்த ஊர் இது, வார்ப்படத்துக்கும் கடைசலுக்கும் ஆள் பஞ்சமில்லை. ஆனால் டேஷ்போர்டில் இருக்க வேண்டிய ஆம்ப் மீட்டர், ஹெட்லைட்டைச் சுற்றிய வளையம், கதவுக் கைப்பிடி, முன்கண்ணாடிச் சட்டத்தின் திருகாணி எல்லாம் தொலைந்து போயிருந்தால் என்ன செய்வது? அளவெடுக்க மாதிரியே இருக்காது. நாம் செய்து மாட்டுவது ஓர் ஊகமாகத்தான் இருக்கும். ஆகவே பளபளவென்று பெயிண்ட் அடித்து, பாதிச் சாமான் இல்லாமல் நிற்கும் வண்டியைவிட, துருப்பிடித்தாலும் எல்லாம் கூடவே இருக்கும் வண்டி மேல்.

நான் கட்டிக் காப்பது 1936ஆம் ஆண்டு மோரிஸ் எயிட், மேலே துணிக்கூரை போட்ட டூரர். 1932இல் ஃபோர்டு நிறுவனம் இங்கிலாந்தில் மாடல் ஒய் என்ற சின்னக் காரை மலிவாக இறக்கியது. அதற்கு எதிராக ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலி தொழிற்சாலையிலிருந்து 1934 அக்டோபரில் வில்லியம் மோரிஸ் கொண்டுவந்த வண்டி இது. இன்ஜின் 918 சிசி, நான்கு சிலிண்டர். பெயரில் உள்ள எட்டு, வரிக்காகப் போட்ட குதிரைத்திறன் கணக்கு. அன்றைய பிரிட்டிஷ் வரி சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும்தான் பார்த்தது. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதனால் விட்டத்தை 57 மில்லிமீட்டராகச் சுருக்கி, ஓட்டத்தை 90 மில்லிமீட்டராக நீட்டிவிட்டார்கள். இன்ஜினின் உண்மையான திறன் எட்டைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மெதுவான ஓட்டத்தில் நன்றாக இழுக்கும். விரட்டினால் கனெக்டிங் ராடின் அடிப்பக்கம்தான் அடி வாங்கும். இந்த வண்டியை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்குக் காரணம் அந்த வரிச் சட்டம்.

அந்த அடிப்பக்கத்தில் இருக்கும் பேரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய இன்ஜினில் தேய்ந்த பேரிங்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியிலிருந்து புதியதை எடுத்து வைத்துவிடலாம். மோரிஸில் அது நடக்காது. பெரும்பகுதி வெள்ளீயமும், கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி ராடிலேயே ஊற்றியிருப்பார்கள். இதற்கு பேபிட் என்றும் பெயர். பழையதை உருக்கி எடுத்து, ராடைச் சுத்தம் செய்து, ஈயம் பூசி, சூடேற்றி, நடுவே அச்சுத்தண்டை நிறுத்தி, 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் புதிய உலோகத்தை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பெரியவர் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டதே இல்லை. உருகிய உலோகத்தில் ஒரு மரக்குச்சியை விட்டு எடுப்பார். குச்சி பழுப்பேறி வந்தால் சரி. தீப்பிடித்தால், "ரொம்ப ஏறிப்போச்சு கண்ணு, இறக்கி வை" என்பார். ராடு குளிர்ந்திருந்தால் உலோகம் ஒட்டாது. தட்டிப் பார்த்தால் மணியோசைக்குப் பதில் மந்தமான சத்தம் வரும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஊற்றியபின் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்து, கிராங்க் ஷாஃப்டில் நீல மை தடவி ராடை மாட்டிச் சுற்ற வேண்டும். மை ஒட்டிய மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, மறுபடி மாட்டி, மறுபடி சுரண்ட வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. இந்த உலோகம் 240 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். எண்ணெய் ஒரு நிமிடம் வராமல் நின்றால் மொத்த உழைப்பும் உருகி, இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பில் கிடக்கும். எண்ணெய் அழுத்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் அதனால்தான் வேண்டும்.

அடுத்தது மரைகள். இங்கிலாந்து வண்டிதானே என்று பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனரை எடுப்பீர்கள், தலையில் சரியாகப் பொருந்தும். ஆனால் மோரிஸ் இன்ஜினின் மரை பிரிட்டிஷ் மரை அல்ல, மெட்ரிக். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் முதல் உலகப் போரின்போது கவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்தது. போர் முடிந்ததும் மோரிஸுக்கு இன்ஜின் செய்துகொடுத்தது. 1923இல் மோரிஸ் அந்தக் கவென்ட்ரி தொழிற்சாலையை வாங்கிவிட்டார். இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை, வாடிக்கையாளர்களின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். அதனால் பிரெஞ்சு மரையில் இங்கிலாந்துத் தலையை வைத்தார்கள். அதிலும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள இடைவெளி, 1 மில்லிமீட்டர். இன்று கடையில் வாங்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 1.25. இது தெரியாமல் கிடைத்த போல்ட்டைத் திணித்து முறுக்கி, எத்தனை நல்ல பிளாக்குகளைக் கெடுத்திருக்கிறார்கள்! பழைய போல்ட் ஒன்றைக்கூட எறியாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். போனால் ஒவ்வொன்றாகக் கடைந்துதான் போட வேண்டும்.

பிரேக் விஷயத்தில் மோரிஸ் எயிட் தன் காலத்துக்கு முந்தி நின்றது. அன்றைய மலிவான கார்கள் பலவற்றில் கம்பியும் கேபிளும்தான் பிரேக்கை இழுத்தன. இதில் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. அந்தக் காலத்தில் அதற்குள் ஊற்றிய திரவத்தில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்திருக்கும். இன்றைய பிரேக் ஆயில் வேறு வகை, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வண்டியோ மாதக்கணக்கில் நிற்கும். உள்ளே வார்ப்பிரும்புச் சிலிண்டர் துருவேறிக் குழிவிழும், ரப்பர் வாஷர் கிழியும். சிலிண்டருக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுவிட்டால் பல காலத்துக்குக் கவலையில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பழைய சிலிண்டர் அப்படியே இருக்கும். ரிப்பேர் என்றால் எனக்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

டூரரின் தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரச்சட்டம். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் அது அடிப்பக்கமாக உளுத்துவிடும். தச்சர்கள் தேக்கில் மாற்றித் தருவார்கள். நான் ஒப்புக்கொள்வேன், ஆனால் உளுத்த துண்டை மட்டும்தான். முழுச்சட்டத்தையும் பிரித்தால் கதவு திரும்பவும் சேராது. தகட்டை மணல் அடித்துச் சுத்தம் செய்கிறேன் என்று எவராவது வந்தால் விடாதீர்கள், மெல்லிய தகடு நெளிந்துவிடும். பெயிண்டைச் சுரண்டும் முன் டேஷ்போர்டுக்குப் பின்னால், சீட்டுக்கு அடியில் பாருங்கள். தொழிற்சாலை அடித்த நிறம் அங்கே ஒளிந்திருக்கும். அதை ஒரு உள்ளங்கை அளவாவது அப்படியே விட்டுவையுங்கள். தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஒரு தொழிலாளி அடித்த பெயிண்ட் அது. அதை மறுபடி யாராலும் அடிக்க முடியாது.

இந்த வண்டியின் மின்சாரம் 6 வோல்ட். செல்ஃப் இழுக்கவில்லை என்று அதை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்றவே தேவையில்லை. 6 வோல்ட்டில் அதே வேலையைச் செய்ய இரண்டு மடங்கு கரண்ட் பாய வேண்டும், அதற்குத் தடித்த கேபிள் வேண்டும். யாரோ இடையில் மெல்லிய கேபிளைப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். எர்த் சேரும் இடத்தைத் தேய்த்து, தடித்த கேபிள் போட்டுப் பாருங்கள்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயை அது இளக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். வண்டி நிற்கப்போகிறதென்றால் டேங்கைக் காலிசெய்யுங்கள்.

தாள் வேலையும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, உருமாற்றம் செய்யாத சொந்த வாகனத்தை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை, கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்புக்காக ஓட்டலாம். வாங்கும்முன் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள். நம் நாட்டில் பல பழைய வண்டிகளுக்குள் ஃபியட் இன்ஜினோ அம்பாசடர் இன்ஜினோதான் இருக்கும். அப்படி இருந்தால் பழைய இன்ஜின் எங்கே என்று விற்பவரின் வீட்டுக் கொட்டகைவரை போய்க் கேளுங்கள். பல நேரம் அங்கேயே கிடக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தால், ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், தள்ளினால் உடைந்துவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். சம்ப்பில் உறைந்திருக்கும் பழைய எண்ணெயை வடித்து, சம்ப்பையே இறக்கிச் சேற்றை வழித்தெடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக மெல்ல இழுங்கள். சுற்றவில்லையென்றால் பலத்தைக் காட்டாமல் இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். இன்ஜின் கையால் தடையின்றி இரண்டு சுற்றுச் சுற்றும்வரை பேட்டரி இணைக்க வேண்டாம்.